ஓகஸ்ட் வரைக்கும் திராட்சை தின்னாதவர்கள்

இந்தப் பயணம் கடந்த ஓகஸ்ட் நடுப்பகுதியில் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை மெல்பேர்னின் மேற்கே டார்னெய்டிலிருந்து புறப்பட்டேன். அன்று மாலை சிட்னி. ஞாயிறு காலை ஆர்மீனியர்களின் தேவாலயத்தில் திராட்சையை ஆசீர்வதிக்கும் பூசை. திங்கள் திரும்பிவிட்டேன். போன காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. திராட்சை கொடுக்கப் போனேன்.

என் கட்டுரைகள் மூன்றைத் தமிழ்ச் சங்க மலர்க்காரர் "நீளம்" என்று திருப்பித் தந்தார்கள். இந்த இணையப் பக்கத்தில் நீளம் பார்க்க ஒருவரும் இல்லை. என் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. பூகோளத்தை ஒரு பழைய வரைபடப் புத்தகத்தை வைத்து நானே படித்தேன். நான் எழுதுவதில் பிழை கண்டால் சொல்லுங்கள். ஆனால் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஹாகோப் ஆர்மீனியர். பிறந்தது பெய்ரூத்தில். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியரின் படுகொலைக்குத் தப்பி நடந்தே வந்த குடும்பம். நாங்களும் போருக்குத் தப்பி ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் "எங்களைப் போல" என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் அப்படிச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. சன்ஷைனில் அலுமினிய யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் நின்றோம். நான் சட்டத்தை வெட்டுவேன், அவர் மூலையைப் பொருத்துவார்.

எனக்குத் தெரிந்த ஆர்மீனியா தேநீர் இடைவேளையில் கேட்ட ஆர்மீனியாதான். கடல் இல்லாத, கல் நிறைந்த சின்ன மலைநாடு. உலகத்திலேயே முதலில் கிறிஸ்தவத்தை அரசமதமாக எடுத்தவர்கள். ஒரு துறவி உருவாக்கிக் கொடுத்த எழுத்தை ஆயிரத்து அறுநூறு வருடமாக விடாமல் பிடித்திருப்பவர்கள். நிலத்தில் புதைத்த அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடும் லவாஷ் என்ற மெல்லிய ரொட்டி. சரிகை வேலைபோலச் செதுக்கிய கற்சிலுவைகள். நாட்டுக்குள்ளே இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள் அதிகம். இதையெல்லாம் அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சொல்லுவார். நான் வீட்டுக்குப் போய் வரைபடத்தில் தேடிப் பார்ப்பேன்.

இனித் திராட்சை. நோவாவின் பேழை அரராத் மலையில் தங்கியது, இறங்கிய நோவா திராட்சை நட்டான் என்று பைபிளில் இருக்கிறது. ஆகவே திராட்சை தங்கள் மண்ணில்தான் தொடங்கியது என்பது ஆர்மீனியர் கட்சி. ஓகஸ்ட் பதினைந்தை ஒட்டிய ஞாயிறு மாதா திருநாள். அன்று பாதிரியார் புதுத் திராட்சையை ஆசீர்வதிப்பார். அதற்கு முன் அதை வாயில் வைக்கக் கூடாது. அங்கே இது சுலபம், பழம் பழுப்பதே அந்தக் காலத்தில்தான். அவுஸ்திரேலியாவில் திராட்சை பழுப்பது மாசி பங்குனியில்.

இதற்கு ஹாகோப் ஒரு வழி வைத்திருந்தார். குலையைக் கொடித்தண்டின் ஒரு துண்டோடு வெட்டுவார். நூலில் கட்டிக் கராஜின் இருட்டில், குளிரில் தொங்கவிடுவார். கிழமைக்கு ஒருமுறை அழுகிய பழத்தை மட்டும் கத்தரிப்பார். ஐந்து மாதம் கழித்து நாற்பதில் ஏழெட்டுக் குலை மிஞ்சும், பாதி வற்றி, பாகு வாசத்தோடு. அதைத்தான் கோயிலுக்குக் கொண்டுபோவார். நான் டார்னெய்டில் வீடு கட்டியபோது தன் கொடியில் ஒரு தண்டை வெட்டித் தந்து, "இதில ஓகஸ்டுக்கு முதல் ஒரு பழமும் தின்னக் கூடாது" என்றார். நான் சைவ சமயம். ஆனாலும் ஓம் என்றேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் பிழையாய்ப் போனது. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஹாகோப்பின் அலுமாரிக் கதவில் அரராத் மலைப் படம் ஒட்டியிருக்கும். பெரிய சிகரம் ஒன்று, சின்னச் சிகரம் ஒன்று. அன்றைக்கு அதைத் தொட்டு, "எங்கட மலை" என்று பெருமூச்சு விட்டார். நான் வரைபடம் படித்தவன். பேசாமல் இருக்க முடியவில்லை. (நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலம். என் வாயில் வரும் தமிழில் எழுதுகிறேன்.)

"அது துருக்கியில கிடக்கு. உங்கட மலை எண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

"எங்கட தலைநகர் யெரெவான்ல யன்னலைத் திறந்தால் தெரியும். எல்லையைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள், போகத்தான் ஏலாது."

"அப்ப ஏன் அழுகிறாய்? சதர்ன் குறொஸ்ஸில ரயில் ஏறு. இந்த விக்டோறியா மாநிலத்திலயே அரராத் எண்டு ஒரு ஊர் இருக்கு. ரெண்டரை மணித்தியாலம். சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போ."

சாப்பாட்டு அறை முழுவதும் சிரித்தது. ஹாகோப் சிரிக்கவில்லை. "எங்களுக்கு மலை கண்ணுக்காவது தெரியுது. உனக்கு என்ன தெரியுது?" என்றார்.

நான் சொன்னது வரைபடத்தில் இருக்கும் உண்மை. அவர் சொன்னது நெஞ்சில் இறங்கியது. அதோடு பேச்சு நின்றது. சில மாதத்தில் அவர் ஓய்வுபெற்றுச் சிட்னியில் மகளோடு இருக்கப் போய்விட்டார். என் கொடி ஒவ்வொரு மாசியும் காய்த்தது. நானும் ஒவ்வொரு வருடமும் குலைகளைக் கராஜில் தொங்கவிட்டேன், ஓகஸ்டில் குருவிகளுக்குப் போட்டேன். ஆசீர்வாதம் வாங்கித்தர ஆள் இல்லாமல் நான் தின்பதில்லை. கோபம் ஹாகோப்போடு. வாக்கு வேறு.

யூலை மாதம் அவருடைய மகள் அனியிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அனி என்பது ஆர்மீனியரின் பழைய தலைநகரின் பெயர். அதுவும் பூட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் இடிந்து கிடக்கிறது. செய்தி சின்னது: "அப்பா செப்டம்பர் முதல் கிழமை யெரெவானில் சித்தப்பாவோடு இருக்கப் போகிறார். திரும்பி வரமாட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது."

நான் கராஜுக்குப் போய் மிஞ்சிய குலைகளை எண்ணினேன். ஏழு. என் மனைவி பின்னால் வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, ஒரு போன் எடுத்துக் கதைச்சால் முடிஞ்சுது. இந்தக் காஞ்சதைக் காவிக்கொண்டு சிட்னிக்குப் போகோணுமே?"

"போனில என்னத்தைக் கதைக்கிறது?"

"சொறி எண்டு சொல்லுங்கோ."

"ஏன் சொல்லோணும்?"

"சரி, அப்ப திராட்சையையே கதைக்க விடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். போகிற போக்கில், "அந்த மனிசனே இதை மறந்திருக்கும்" என்றும் சொன்னார். அது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

அந்த வெள்ளிக்கிழமை காலை 6.50க்கு வீட்டைவிட்டு இறங்கினேன். டார்னெய்ட் நிலையத்திலிருந்து சதர்ன் குறொஸ் முப்பத்திரண்டு நிமிடம். சிட்னி ரயில் 8.30க்கு. முதியோர் சலுகையில் எனக்கு ஐம்பத்தோரு டொலர், இரண்டு கிழமைக்கு முதல் பதிந்தது. பறந்தால் ஒன்றரை மணித்தியாலம் என்று எல்லோரும் சொல்வார்கள். பறந்தால் யன்னலில் மேகம்தான் தெரியும். மேடையில் நிற்கும்போது பக்கத்துப் பலகையில் அரராத் என்ற பெயர் வெளிச்சத்தில் ஓடியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குலைகள் செருப்புப் பெட்டி ஒன்றில், பத்திரிகைத் தாள் சுற்றி, என் மடியில்.

சீமோர் என்ற ஊர் தாண்டும்வரை பனிப்புகார். வேலியும் மாடும் மரமும் பாதிப் பாதியாகத் தெரிந்தன, யாரோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்து முடியாமல் விட்டதுபோல. பிறகு வெயில் ஏறியது. பாதையோரம் வாட்டில் மரங்கள் மஞ்சளாய்ப் பூத்து நின்றன. ஓகஸ்டில் போகிறவர்களுக்கு அந்த மஞ்சள் ஒன்றே டிக்கெற் காசுக்குப் போதும்.

பெனாலாவுக்குப் பிறகு ஈரம் பிடித்ததா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். பாகு வாசம் ரயில்பெட்டி முழுக்கப் பரவியது. பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி, பெயர் கெரி, மூக்கை உயர்த்தினார்.

"திராட்சையா? வீட்டுக் கொடியோ? எங்க கொண்டுபோறியள்?"

"சிட்னி."

"அது சரிவராது. வீட்டுத் திராட்சை பத்திரம் இல்லாமல் மரே ஆத்தைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போகக் கூடாது. வேர்ப்பூச்சி, பழ ஈ. நான் வங்கரட்டாவில திராட்சைத் தோட்டத்தில கொடி வெட்டுறனான். எங்களுக்கு இதுதான் வேதம்."

"இது பழம் இல்லை. அரைவாசி வத்தல்."

"அரைவாசி வத்தல் எண்டால் அரைவாசி பழம்."

அவர் போனில் சட்டத்தைத் தேடிக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வாதாடினேன். தோற்றேன் என்று எழுத மனம் இல்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப தின்னுங்கோ" என்றார் கெரி. "எல்லாரும் அதுதான் செய்யிறவை. அல்பரி வர முதல் திண்டு முடிச்சிடுங்கோ."

"தின்னக் கூடாது. ஞாயிறு பூசை முடியோணும். ஆர்மீனியன் வழக்கம்."

"நீங்கள் ஆர்மீனியனா?"

"இல்லை. நான் சைவம்."

"அப்ப உங்களுக்கு என்ன?"

நல்ல கேள்விதான். பதில் பெட்டிக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து இன்னொருவருக்குக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

வங்கரட்டா 10.55க்கு வந்தது. அதற்கடுத்த நிறுத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு மாநிலம். கெரி எழும்பித் தன் பையை எடுத்தார். நான் பெட்டியை மூடி அவரிடம் நீட்டினேன்.

"ஒரு நிபந்தனை. ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது."

"என்ர மனிசனுக்கும் அதே சட்டமோ? அந்தாள் குளிர்பெட்டியைத் திறந்தால் மூடாது."

"எல்லாருக்கும்."

"பொல்லாத ஆள் நீங்கள்" என்று சிரித்தார். ஆனால் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். தோட்டப் பக்கம் கொண்டுபோகமாட்டேன், காம்பை அவித்துத்தான் எறிவேன் என்றும் சொன்னார். மேடையில் அவர் அதை நெஞ்சோடு அணைத்து நடந்துபோனது எனக்குத் தெரிந்தது. என் மடி திடீரென்று குளிர்ந்தது.

மரே ஆறு கண் இமைக்கும் நேரத்தில் கடந்துபோகும். தூங்கிவிடாதீர்கள். தண்ணீரில் நின்ற செத்த மரங்கள், வெள்ளைக் கொக்குகள், அவ்வளவுதான். ஒரு எல்லை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஆனால் என் கை வெறுங்கையாகிவிட்டது. திராட்சை இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நிற்கலாம். இனி நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்.

ஜூனி நிலையத்துக்கு அப்பால், இரண்டு மணி கழிந்து, பெதுங்க்ரா என்ற இடத்தில் சிட்னிக்குப் போகும் பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்து தன்மேலேயே ஏறுகிறது. எனக்கு அரைத்தூக்கம். கண்ணைத் திறந்தால் கீழே நாங்கள் சற்றுமுன் வந்த தண்டவாளம் கிடக்கிறது. மூடித் திறந்தால் அதே குன்று வேறு முகத்தோடு நிற்கிறது. அந்த மயக்கத்தில் குன்று வளர்ந்து வெண்பனி போர்த்தது, பக்கத்தில் சின்னச் சிகரம் ஒன்றும் எழும்பியது. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு, மலைக்கு மட்டும் எந்தப் பக்கமும் இல்லை என்று யாரோ என் காதில் சொல்வதுபோல் இருந்தது. விழித்தபோது ரயில் கூட்டமுந்திரா நிலையத்தில் நின்றது. சொன்னது நானேதான்.

தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றர் சொச்சம் ஓடி, இருபத்தைந்து நிமிடம் பிந்தி, மாலை எட்டு மணிக்குச் சிட்னி. அங்கிருந்து வெஸ்ட்மீட்டுக்கு உள்ளூர் ரயில். மனைவியின் தம்பி நார்த்மீட்டில் இருக்கிறார், நிலையத்துக்குக் காரோடு வந்தார். "எங்க அத்தான் திராட்சை?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். சனி முழுவதும் அவர் வீட்டுக் கதிரையில் இருந்து என்ன கதைப்பது என்று யோசித்தேன். ஒரு வசனமும் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை வாடகைக் கார். சிட்னியின் வடக்குப் பக்கம், இருபத்துநான்கு கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம், நாற்பத்தேழு டொலர். ஓட்டியவர் சென்னைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும்.

"சர்ச்சுக்கா அங்கிள்? நெத்தில விபூதி வச்சிருக்கீங்க?"

"ஆர்மீனியன் சேர்ச், தம்பி. திராட்சைப் பூசை."

"ஆர்மீனியனா! எங்க பாரிமுனைல அரண்மனைக்காரத் தெருன்னு இருக்கு அங்கிள். அரண்மனையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆர்மீனியன் தெருதான் ஜனங்க வாயில அப்படி ஆயிடுச்சு. சர்ச் கூட இருக்கு, பெரிய பெரிய மணி. ஆனா அந்த ஆளுங்கதான் யாரும் இல்ல."

"எங்க போயிட்டினம்?"

"தெரியல அங்கிள். வியாபாரிங்க. கெளம்பிட்டாங்க போல."

எனக்கு இது புதுச் செய்தி. ஒரு காலத்தில் அவர்கள் தமிழர் ஊரில் வந்து குடியிருந்து, கோயில் கட்டி, ஒரு தெருவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு அவர்களும் நாங்களும் மூன்றாவது ஒரு நாட்டுக்கு வந்து ஒரே மேசையில் யன்னல் செய்திருக்கிறோம்.

தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றேன். ஒருவரும் என் திருநீற்றைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சாம்பிராணிப் புகை நம்முடையதைவிடச் சற்று இனிப்பு. பீடத்துக்கு முன்னால் ஒரு திரை. அது மூடும்போது பாட்டு மட்டும் வரும், திறக்கும்போது வெளிச்சமும் சேர்ந்து வரும். பழைய ஆர்மீனிய மொழி, ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காததால்தானோ என்னவோ, இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. முடிவில் மேசை நிறையத் திராட்சை. பாதிரியார் சிலுவையால் மூன்று முறை ஆசீர்வதித்தார். பழம் எல்லாம் ஒரே அளவு, பளபளவென்று. கலிபோர்னியாவிலிருந்து வந்த பெட்டிகளைப் பின் கதவோரம் கண்டேன். ஆளுக்கு ஒரு சின்னப் பை.

பக்கத்து மண்டபத்தில் கோப்பி. மூலை மேசையில் ஹாகோப் இருந்தார். பன்னிரண்டு வருடத்தில் நன்றாகச் சுருங்கியிருந்தார், கண் மட்டும் அப்படியே. அனி எழும்பி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். ஹாகோப் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"என்ன கொண்டு வந்தனி?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாமல் மெல்பேர்னில இருந்து வந்தனியா?"

"ஏழு குலை கொண்டு வந்தனான். ஆத்தைத் தாண்ட விடமாட்டினம் எண்டு வங்கரட்டாவில ஒரு மனிசியிட்டக் குடுத்துப்போட்டன்."

"தொங்கவிட்டதோ? நான் காட்டித்தந்த மாதிரியோ?"

"ஓம். ஒவ்வொரு வருசமும்."

"ருசி எப்பிடி?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீ இல்லாமல் ஆர் ஓதித் தாறது? நான் தின்னேல்லை."

"எத்தினை வருசமாய்?"

"பன்ரண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மேசையில் இருந்தவர்களுக்கு ஆர்மீனிய மொழியில் என்னவோ சொன்னார். மேசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஹாகோப் சிரிக்கத் தொடங்கினார். அனி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"நான் பன்ரண்டு வருசமாய் மாசியிலயே தின்னுறன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். எழும்பப் போனேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"இரு. நீ அண்டைக்குச் சொன்னாயே, ரயில் ஏறு எண்டு. அடுத்த நாள் சனிக்கிழமை ஏறினனான்."

"எங்க?"

"அரராத்துக்கு. சாப்பாடும் கட்டிக்கொண்டு. ஆத்திரத்தில போனனான், திரும்பிவந்து உன்ர முகத்தில சொல்லோணும் எண்டு. இறங்கிப் பார்த்தால் மலை இல்லை. சின்னச் சின்னக் குன்று. நல்ல வெயில். ஒரு வீட்டு வாசல்ல திராட்சை வைச்சு, பக்கத்தில காசு போடத் தகரம். ஒரு குலை வாங்கி நிலையத்து மரவாங்கில குந்தியிருந்தனான். பலகையில பெரிசாய் அரராத் எண்டு எழுதியிருக்கு. நோவா கொடியை நட்டுப்போட்டு ஓகஸ்ட் வரைக்கும் பாதிரியாரைப் பார்த்துக்கொண்டு இருந்தவனோ எண்டு நினைச்சன். திண்டன். முழுக் குலையும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ சிரிப்பாய். நீ வெண்ட மாதிரிப் போயிடும்."

சிரித்திருப்பேன். உண்மைதான். அந்த மண்டபத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் குத்துவதற்குச் சொன்ன ஒரு ரயிலில் இந்த மனிதர் ஏறிப் போய், தன் மலையின் பெயருக்குக் கீழே தனியாக இருந்து தின்றிருக்கிறார். அதே மாதத்தில் நான் அவர் விட்ட விரதத்தைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அவர் தன் பையைத் திறந்து ஒரு பழத்தை என் கையில் வைத்தார். தின்றேன். விதை இல்லை, தோல் மெல்லிசு, குளிர்பெட்டி ருசி. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வாயில் வைத்த முதல் திராட்சை. சுவரில் மணிக்கூடு பன்னிரண்டே கால். வங்கரட்டாவில் கெரியும் இந்நேரம் பெட்டியைத் திறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பி இரண்டு முறை குடித்தோம். விடைபெறும்போது, "யன்னல்ல மலை தெரிஞ்சால் படம் அனுப்பு" என்றேன். "சில நாள் பனிப்புகார் மூடிப்போடும்" என்றார். "மூடியிருந்தாலும் அனுப்பு" என்றேன். செப்டம்பர் ஒன்பதாம் திகதி ஒரு படம் வந்தது. ஒரு யன்னல், வெளியே முழுக்க வெள்ளை. கீழே ஒரு வரி: "பின்னால் இருக்கிறது."

போக நினைப்பவர்களுக்கு: பூசை ஓகஸ்ட் பதினைந்தை ஒட்டிய ஞாயிறு, நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மதத்தவரும் போகலாம், பின்வரிசையில் நில்லுங்கள், காலையில் ஏதாவது சாப்பிட்டுப் போங்கள். ரயிலில் கம்பளிச் சால்வை வேண்டும். வீட்டுத் தோட்டத்துப் பழம், கொடி, இலை எதையும் மாநிலம் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். அரைவாசி வத்தல் என்ற வாதம் எடுபடாது. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கையை வீசிக்கொண்டு போவது நல்லது.

நான் வரும் மாசியில் முதல் குலை பழுத்ததும் அரராத் ரயிலில் போகப்போகிறேன். டார்னெய்டிலிருந்து போகிறவர்கள் சன்ஷைனில் மாற வேண்டும். சாப்பாடு கட்டிக்கொள்ளலாம். திராட்சையும் கொண்டுபோகலாம். அந்தப் பாதையில் எல்லை எதுவும் இல்லை.